ரீஜென் நெட்வொர்க்கில் வேலிடேட்டர் நடத்த முன்வருவோருக்கு

ரீஜென் நெட்வொர்க் என்பது காடு, மண் போன்ற சூழல் திட்டங்களின் கிரெடிட்டுகளையும் தரவின் அடையாளத்தையும் பதியும் பிளாக்செயின். அதன் பிளாக்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் சர்வர்தான் வேலிடேட்டர். இங்கே வேலிடேட்டர் வைக்கலாம் என்று வருபவர்களில் பலர், காட்டையும் மண்ணையும் பற்றிய தரவைத் தங்கள் சர்வர் சரிபார்க்கப் போகிறது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்காது. பரிவர்த்தனை எந்த வரிசையில் வந்தது, கையெழுத்து செல்லுமா, அனுப்புகிறவர் கணக்கில் அத்தனை கிரெடிட் இருக்கிறதா, இவ்வளவுதான் வேலிடேட்டர் பார்க்கும். மரம் நிற்கிறதா என்று பார்ப்பது களத்துக்குப் போகும் தணிக்கையாளரின் வேலை.

2021 ஏப்ரலில் இதன் மெயின்நெட் (சோதனைக்கல்லாத உண்மைச் செயின்) தொடங்கியது. பிளாக்செயின் கட்டும் கருவித்தொகுப்பான காஸ்மாஸ் எஸ்டிகே மேல் கட்டியது. ஒரு பிளாக் உறுதியாக, மொத்த ஸ்டேக்கில் (வேலிடேட்டர்கள் பேரில் பூட்டி வைத்த டோக்கன்) மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையெழுத்து விழ வேண்டும். மூன்றில் ஒரு பங்கு படுத்துவிட்டால் செயின் அப்படியே நின்றுவிடும். தப்பான பிளாக்கை ஏற்றுக்கொண்டு ஓடாது.

மெஷினைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. நான்கு கோர், 16 ஜிபி ராம், என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தால் தாராளம். ராமைவிட டிஸ்க்கில் காசு போடுங்கள். ப்ரூனிங்கில், அதாவது பழைய நிலைகளைக் கழிக்கும் அமைப்பில், கடைசி 100 நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, 10 பிளாக்குக்கு ஒருமுறை கழிக்கச் சொன்னால் டிஸ்க் வீங்காது. முதல் பிளாக்கிலிருந்து ஓட்டிக்கொண்டு வராமல் அண்மை நிலையை மற்ற நோடுகளிடமிருந்து (செயினை ஓட்டும் சர்வர்கள்) நேராக வாங்கும் ஸ்டேட் சிங்க் எடுங்கள். அதற்குக் கொடுக்கும் நம்பிக்கை உயரத்தையும் (ஒரு பிளாக்கின் எண்) அதன் ஹேஷையும் (கைரேகை போன்ற சுருக்கக் குறி) ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சர்வர்களில் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். திறந்த கோப்புகளின் வரம்பு பல லினக்ஸ்களில் 1024 என்று இருக்கும். சிஸ்டம்டி யூனிட்டில் அதை 65535 ஆக்காவிட்டால், பியர்கள் (நம்மோடு இணையும் மற்ற நோடுகள்) கூடும்போது நோடு விழும்.

பியர்கள் பேசும் 26656 போர்ட் வெளியே தெரியலாம். கேள்விகளை ஏற்கும் 26657 உள்ளூர் முகவரியிலேயே இருக்கட்டும். வேலிடேட்டரை நேரடியாக இணையத்தில் நிறுத்தாமல், முன்னால் காவலாக இரண்டு சென்ட்ரி நோடு வையுங்கள். வேலிடேட்டரில் பியர் பரிமாற்றத்தை அணைத்து, சென்ட்ரிகளை மட்டும் நிரந்தரப் பியராகக் கொடுக்க வேண்டும். சென்ட்ரியின் அமைப்பில், வேலிடேட்டரின் ஐடியைத் தனிப்பட்ட பியர் பட்டியலில் சேர்ப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் அந்த சென்ட்ரியே ஊருக்கெல்லாம் உங்கள் ஐபியைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி சாவி. ஆபரேட்டர் கணக்கின் சாவியை 24 சொற்களிலிருந்து மீட்கலாம்; அது சர்வரில் இருக்கவே வேண்டாம். நோடு சாவி வெறும் அடையாளம், தொலைந்தால் தொலையட்டும். பிளாக்கில் கையெழுத்துப் போடும் கன்சென்சஸ் சாவிதான் உயிர். அதோடு, டேட்டா ஃபோல்டரில் ஒரு சின்ன நிலைக் கோப்பு உண்டு. கடைசியாக எந்த உயரத்தில், எந்தச் சுற்றில், எந்தப் படியில் கையெழுத்திட்டோம் என்று அதில் இருக்கும். ஏற்கெனவே போட்ட இடத்தில் வேறொன்றுக்கு மறுபடி கையெழுத்துப் போடாமல் தடுப்பது அந்த நாலைந்து வரிதான்.

இரட்டைக் கையெழுத்து பெரும்பாலும் திருட்டுத்தனத்தால் வருவதில்லை, அவசரத்தால் வருகிறது. நடுராத்திரியில் அலாரம் அடிக்கிறது, சர்வர் பதில் சொல்லவில்லை, அதே சாவியை இன்னொரு மெஷினில் போட்டு எழுப்புகிறார்கள். பழைய சர்வரோ செத்திருக்காது. நெட்வொர்க் மட்டும்தான் போயிருக்கும். அது திரும்பியதும் ஒரே உயரத்தில் இரண்டு கையெழுத்து. காஸ்மாஸ் எஸ்டிகேயின் இயல்பு அமைப்பில் இதற்கு 5% ஸ்டேக் வெட்டு, அதோடு அந்தச் சாவிக்கு நிரந்தரக் கல்லறை; அதை வைத்து இனி வேலிடேட்டர் நடத்த முடியாது. உங்கள் பேரில் டோக்கனை வைத்து டெலிகேட் செய்தவர்களின் பணமும் சேர்ந்து வெட்டுப்படும். வெறுமனே நின்றுபோனால் இயல்பு அமைப்பில் 1% வெட்டும் 10 நிமிட ஜெயிலும் (கையெழுத்திட முடியாத விலக்கு) தான். சரிசெய்துவிட்டு அன்ஜெயில் பரிவர்த்தனையை நாமே அனுப்ப வேண்டும். இந்த எண்களை கவர்னன்ஸ் வாக்கெடுப்பில் மாற்றலாம் என்பதால், செயினிடமே ஸ்லாஷிங் (ஸ்டேக் வெட்டு) அளவுருக்களைக் கேட்டுப் பாருங்கள். எப்படியானாலும், சந்தேகம் இருக்கிறவரை எழுப்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

மெஷின் மாற்றும்போது பழையதை நிறுத்தி, சர்வீஸை முடக்கி, சாவியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். நிலைக் கோப்பையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். செயினைப் பார்க்க உதவும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் நம் கையெழுத்து சில பிளாக்குகளாக விழவில்லை என்று பார்த்த பிறகே புதியதைத் தொடங்க வேண்டும். சிங்க் சிக்கலுக்கு ‘எல்லாவற்றையும் ரீசெட்’ கட்டளையைச் சொல்லிக்கொடுப்பவர்கள், அது இந்த நிலைக் கோப்பையும் பூஜ்யமாக்கும் என்று சொல்வதில்லை. வசதி இருந்தால் ஹார்க்ரக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டுச் சாவியை மூன்றாகப் பிரித்து, இரண்டு சேர்ந்தால் கையெழுத்து என்று வையுங்கள். ஒரு மெஷின் போனாலும் யாரும் பதற வேண்டாம்.

அப்கிரேடுக்கு, பைனரியை (ஓடும் நிரல் கோப்பு) உரிய பிளாக்கில் மாற்றிவைக்கும் காஸ்மோவைசர். வாக்கெடுப்பில் நிறைவேறிய திட்டத்தின் பெயரும், புதிய பைனரி இருக்கும் ஃபோல்டரின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பைனரியைத் தானே இறக்கிக்கொள்ளும் வசதியை வேலிடேட்டரில் அணைத்து வையுங்கள். மாறுவதற்கு முன் காஸ்மோவைசர் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் பேக்கப் எடுக்கும். டிஸ்க்கில் அதே அளவு இடம் காலியாக இல்லையென்றால் அப்கிரேடு அங்கேயே தடுக்கி விழும். தவறான பதிப்பை ஓட்டினால் ஆப் ஹேஷ் (செயின் நிலையின் ஹேஷ்) பொருந்தாமல் நோடு நிற்கும். சரியான பைனரியை வைத்து ஒரு பிளாக் ரோல்பேக் செய்து பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (முன்பு எடுத்துவைத்த தரவுப் பிரதி) மீட்பதுதான்.

கடிகாரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனி ஓடட்டும். வேலிடேட்டர்களின் வாக்கில் உள்ள நேரங்களை ஸ்டேக் எடையோடு சேர்த்து எடுக்கும் இடைநிலைதான் பிளாக் நேரம். ஒரு மண் பரிசோதனை அறிக்கையைச் செயினில் ஆங்கர் செய்தால் (பதித்தால்) அதன்மேல் விழும் தேதி முத்திரை அந்த நேரம்தான்.

அந்த ஆங்கரில் அறிக்கை இருக்காது, பிளேக்2பி முறையில் எடுத்த 256 பிட் ஹேஷ் மட்டுமே இருக்கும். பிடிஎஃப் மாதிரிக் கோப்பு என்றால் ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் மாறும். புலங்களுக்குப் பொருள் இணைத்து எழுதும் ஜேசன்-எல்டி தரவு என்றால் முதலில் அதை ஒரு நியம வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஹேஷ் எடுப்பார்கள். அதனால் வரிகளின் வரிசை மாறினாலும் பாதகமில்லை. ஆனால் 2.5 என்பதை எண்ணாகக் கொடுத்தால் ஒரு ஹேஷ், மேற்கோள் குறிக்குள் போட்டால் வேறு ஹேஷ். இதைவிட மோசமானது ஒன்று உண்டு: கான்டெக்ஸ்டில் (புலங்களின் பொருளைச் சொல்லும் பகுதி) வரையறுக்காத புலம் சத்தமே இல்லாமல் உதிர்ந்துவிடும். ‘மண் கார்பன்’ புலத்தை வரையறுக்க மறந்தால், பின்னால் யாராவது அந்த எண்ணை இரட்டிப்பாக்கினாலும் ஹேஷ் அப்படியே இருக்கும்! செயினும் எல்லா வேலிடேட்டர்களும் ‘சரி’ என்றே சொல்வார்கள். லைப்ரரியில் சேஃப் மோடு இருந்தால் போடுங்கள், உதிர்கிற இடத்தில் பிழை காட்டும். கான்டெக்ஸ்டை வெளி இணைப்பிலிருந்து எடுக்காமல் உள்ளேயே வையுங்கள்; இணைப்பில் உள்ளது மாறினால் பழைய தரவின் ஹேஷ் பொருந்தாது.

செயினுக்கு வெளியே இருக்கும் பதிவேட்டின் மேல் நம் பிடி எவ்வளவு என்பதற்கு 2022 மே மாதம் போதும். விலக்கப்பட்ட (பயன்படுத்தி முடித்ததாகக் குறித்த) கிரெடிட்டுகளை வைத்து டோக்கன் உண்டாக்கக் கூடாது என்று கார்பன் கிரெடிட் பதிவேடு நடத்தும் வெர்ரா அறிவித்தது. கிரெடிட்டுகளை டோக்கனாக்கும் டூக்கன் பாலம் வழியாக அவை வந்துகொண்டிருந்த வழி அதோடு அடைபட்டது. அது எந்த வேலிடேட்டர் வாக்கிலும் முடிவான விஷயமல்ல.

வேலிடேட்டர் நடத்துகிறவர் தரவுக்காக உருப்படியாக ஏதாவது செய்ய நினைத்தால், ஒரு ரிசால்வர் சர்வரும் சேர்த்து நடத்தலாம். ஹேஷுக்குரிய மூலக் கோப்பு எங்கே கிடைக்கும் என்று செயின் காட்டும் முகவரி அது. அது செத்தால் கையில் மிஞ்சுவது 32 பைட் மட்டும். வேலிடேட்டர் இருக்கும் மெஷினில் வேண்டாம், தனியே வையுங்கள். ரிசால்வரிலிருந்து கோப்புகளை இறக்கி, ஹேஷை மறுபடி கணக்கிட்டு, செயினில் உள்ளதோடு ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கிரானில் வாரம் ஒருமுறை ஓட விடுங்கள்.