முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும் பூனை

"சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர்." ஒரு நாளைக்கு நாலைந்து முறையாவது இதைக் கேட்கிறேன். கோவையில் செல்லப்பிராணிகளுக்கான சிறிய கிளினிக் ஒன்றில் எனக்கு இது பதினோராவது வருஷம். நல்ல ஆரோக்கியமான நாய் என்றால் ஒரு வேளை பொறுத்துப் பாருங்கள் என்று சொல்வதுண்டு. பூனை என்றால், அதுவும் சர்க்கரை நோய் உள்ள பூனை என்றால், உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லிவிடுவேன்.

செம்பா அப்படி வந்தவன். ஒன்பது வயது, கருத்தடை செய்த ஆண், 6.2 கிலோ. மூன்று வாரத்துக்கு முன்புதான் சர்க்கரை என்று தெரிந்து, காலையும் மாலையும் 1 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் ஆரம்பித்திருந்தோம். அவனை வளர்ப்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவருக்கும் சர்க்கரை, அவரும் ஊசி போட்டுக்கொள்பவர். "எனக்கும் அவனுக்கும் ஒரே நேரம் டாக்டரம்மா" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

"ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. வெறும் வயித்துல போட்டா லோ ஆயிடுமேன்னு ஊசியும் போடலை" என்றார். அந்தப் பயத்தில் தப்பே இல்லை. சாப்பிடாத பூனைக்கு முழு அளவு போட்டு, சர்க்கரை 40க்குக் கீழே இறங்கி, வலிப்போடு வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊசியை அடியோடு நிறுத்துவதும் ஆபத்துதான். இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும், அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேரும். அந்தக் கீட்டோனே குமட்டலைக் கொண்டுவரும். குமட்டினால் சாப்பாடு இறங்காது, சாப்பாடு இறங்கவில்லை என்று மறுபடி ஊசி நிற்கும். செம்பாவின் வாயருகே குனிந்தபோது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது. சிறுநீரில் நனைத்த கீட்டோன் சோதனைப் பட்டையும் ஊதாவாக மாறியது.

குண்டுப் பூனைகளுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, கரைந்து வரும் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும். காது மடலின் உட்புறத்தையும் ஈறுகளையும் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் ஏறவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பரிசோதனை மேசையிலேயே ஒரு தட்டில் உணவு வைத்துப் பார்த்தேன். செம்பா எழுந்து வந்தான். மூக்கைத் தட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தினான். நாக்கு வெளியே வந்து மேலுதட்டை ஒரு சுற்று சுற்றியது. எச்சிலை விழுங்கினான். மறுபடி நக்கல், மறுபடி விழுங்கல். பிறகு முன்னங்காலால் மேசையைச் சுரண்டினான், மண்ணைத் தள்ளி எதையோ மூடுவது போல. முதுகைக் கூனிக்கொண்டு மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான்.

"பாத்தீங்களா, நாக்கைச் சப்புறான். ஆசை இருக்கு, அடம் பிடிக்கிறான்" என்றார் அம்மா. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது ஆசையில் சப்புவதல்ல, குமட்டல். பசியே இல்லாத பூனை தட்டுப் பக்கம் திரும்பாது. குமட்டும் பூனை பசித்து வரும், வாசனை பட்டதும் பின்வாங்கும். வாந்தி எடுக்கவில்லையே என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம். ஒரு முறைகூட வாந்தி எடுக்காமல் நாள் முழுக்கக் குமட்டலோடு இருக்கும் பூனைகள் எத்தனையோ.

இதை நான் ஒரு பூனையிடம் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே நிலையில் வந்த ஒரு வெள்ளைப் பூனைக்கு, சிரிஞ்சில் உணவைக் கரைத்து வாயில் ஊற்றச் சொல்லி அனுப்பினேன். அந்த வீட்டார் வேளை தவறாமல் செய்தார்கள். ஒரே வாரத்தில் கிண்ணத்தின் சத்தம் கேட்டாலே அது கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. குமட்டும்போது ஊட்டிய உணவை அது அந்த வேதனையோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொண்டது. உடம்பு தேறிய பிறகும் அந்த உணவைத் தொடவில்லை. அதன் பிறகு குமட்டலை அடக்காமல் யாரையும் ஊட்டச் சொல்வதில்லை. கட்டாயம் உணவு போயாக வேண்டும் என்றால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் போடுவதையே சொல்வேன். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் பூனைக்கு அதுதான் இதமானது.

செம்பாவை மூன்று நாள் எங்களோடு வைத்துக்கொண்டோம். டிரிப்பில் குளுக்கோஸ் இருப்பதைப் பார்த்து அம்மா பதறிவிட்டார். "சர்க்கரைக்காரனுக்கு குளுக்கோஸா?" அது உள்ளே போனால்தான் சர்க்கரை இறங்கிவிடாமல் இன்சுலினைத் தொடர முடியும், இன்சுலின் தொடர்ந்தால்தான் கீட்டோன் அடங்கும் என்று விளக்கினேன். கூடவே பொட்டாசியம். இன்சுலின் கொடுக்கக் கொடுக்க ரத்தத்தில் அது குறையும், ரொம்பக் குறைந்தால் பூனையால் தலையைக்கூடத் தூக்க முடியாது.

குமட்டலுக்கு மாரோபிடன்ட் ஊசி, நாளுக்கு ஒரு முறை. குளிர்ந்திருக்கும்போது போட்டால் எரிச்சல் குறைவு என்பதால் அதை ஃபிரிட்ஜில்தான் வைத்திருப்போம். அது மட்டும் போதாமல் ஆன்டன்செட்ரானும் சேர்த்தோம். ரத்தப் பரிசோதனையில் கணைய அழற்சி இருப்பது தெரிந்தது. சர்க்கரைப் பூனைகளில் இது அடிக்கடி கூடவே வரும். அதனால் வலியைக் குறைக்கவும் மருந்து கொடுத்தோம். வலியைச் சொல்லத் தெரியாத ஜீவன் சாப்பிடாமல் இருந்துதான் அதைக் காட்டுகிறது.

பசியைத் தூண்டும் மிர்டசபினை இரண்டாம் நாள்தான் எடுத்தேன். மனிதர்களுக்கான 7.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. குமட்டல் அடங்குவதற்கு முன் பசியை மட்டும் கிளப்பிவிடுவது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. ஸ்டீராய்டு போட்டாலும் பசி எடுக்கும், ஆனால் சர்க்கரையை ஏற்றிவிடும். இவனுக்கு அந்தப் பக்கமே போகவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது அம்மாவுக்குச் சொன்னவை கொஞ்சம்தான். உணவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, மீசை இடிக்காத தட்டையான தட்டில் வைக்க வேண்டும். மருந்தைச் சாப்பாட்டில் ஒளிக்கக் கூடாது. மத்தி மீன் வேகவைத்த தண்ணீர் கொடுக்கலாம், வெங்காயமும் பூண்டும் சேரக் கூடாது. சர்க்கரைக்கான உணவைத்தான் தின்ன வேண்டும் என்ற கட்டாயம் இந்த வாரம் வேண்டாம், எதைத் தின்றாலும் சரி. முக்கியமாக, சாப்பிடாத வேளையில் ஊசியை அவராக நிறுத்தவும் வேண்டாம், முழுசாகப் போடவும் வேண்டாம். காது நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும். தள்ளாடினால் மட்டும் யாரையும் கேட்காமல் ஈறில் தேன் தடவிவிட்டுக் கிளம்பி வந்துவிட வேண்டும்.

அவர் கைப்பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, சாப்பாடு, சர்க்கரை, ஊசி. கொஞ்சம் யோசித்துவிட்டு ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டு "நாக்கு" என்று எழுதினார்.

நான்காம் நாள் காலை ஆறு பத்துக்குப் போன் வந்தது. "டாக்டரம்மா, நாக்கு ஒரு தடவைகூட இல்லை. தட்டுல முக்கால்வாசி காலி. காதுல 262. இப்ப சொல்லுங்க, எவ்வளவு போடட்டும்?"