ஐ2சி பஸ்ஸில் எப்போதாவது வரும் நாக்: ஸ்கோப் ட்ரிகரை வைத்துப் பிடித்த விதம்

போர்டில் 3.3 வோல்ட், 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஐ2சி பஸ்: சிப்கள் பேசிக்கொள்ளும் இரண்டு லைன், எஸ்சிஎல் (க்ளாக்), எஸ்டிஏ (டேட்டா). அதில் 24எல்சி256 ஈப்ராம் (மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் மெமரி சிப்). ஒவ்வொரு பைட்டுக்கும் ஒன்பதாவது க்ளாக்கில், பெறுபவர் எஸ்டிஏவை லோவுக்கு இழுத்தால் அது ஆக் ('வந்தது'), இழுக்காவிட்டால் நாக். மணிக்கு ஒன்றிரண்டு தடவை 'ஆக் வரவில்லை' என்று ஃபர்ம்வேர் லாக்கில் எழுதுகிறது. ஆசிலோஸ்கோப்பின் ட்ரிகரை (எப்போது படம் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை) வைத்து அந்த ஒரு கணத்தைத் திரையில் நிறுத்த வேண்டும்.

ஐ2சி பைட்டுகளையே படித்து நிபந்தனை வைக்கும் சீரியல் ட்ரிகர் மெனுவுக்கு உடனே போகவில்லை. முதலில் சிக்னலின் விளிம்பில் பிடிக்கும் சாதாரண எட்ஜ் ட்ரிகரில் அலை வடிவம். புரோப் கட்டாயம் 10எக்ஸ் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை). 1எக்ஸில் வைத்தால் புரோபே சுமார் 100 பிகோஃபாரடை லைனில் ஏற்றிவிடும். புல்-அப் (லைனை ஹைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) 4.7 கிலோ ஓம் என்றால் அந்த 100 பிகோஃபாரடுக்கு மட்டுமே ஏறு நேரம் (லோவிலிருந்து ஹைக்கு ஏற ஆகும் நேரம்) 400 நானோசெகண்டை ஒட்டி வரும் (0.85 × ஆர் × சி). இந்த வேகத்தில் அனுமதி 300 தான். பழுதைத் தேட வந்த புரோபே புதுப் பழுதைக் கொண்டுவரும்.

அடுத்தது த்ரெஷோல்ட், அதாவது ஹை எது, லோ எது என்று பிரிக்கும் எல்லை. எஸ்சிஎல், எஸ்டிஏ இரண்டுக்கும் 1.65 வோல்ட். பல ஸ்கோப்களில் ட்ரிகர் லெவல் ஓரிடத்தில், டீகோட் (அலையைப் பைட்டுகளாகப் படிப்பது) த்ரெஷோல்ட் வேறோரிடத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் திரையில் பைட்டுகள் ஒழுங்காகத் தெரியும், ட்ரிகர் மட்டும் விழாது. ஸ்வீப் மோட் நார்மலில் இருக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் நிபந்தனை நிறைவேறாமலே ஸ்கோப் தானாக எதையாவது வரைந்துகொண்டிருக்கும்.

முகவரியில்தான் நிறையப் பேர் சறுக்குவது. இந்த ஈப்ராமின் 7 பிட் முகவரி ஹெக்ஸ் 50. ரீடு/ரைட் பிட்டையும் சேர்த்தால் ரைட்டுக்கு ஏ0, ரீடுக்கு ஏ1. 8 பிட் கேட்கும் ஸ்கோப்பில் 50 என்று போட்டால் அது 28 என்ற முகவரியைத் தேடும். அப்படி ஒரு சிப்பே போர்டில் இல்லை. எர்ரரும் காட்டாது, காத்துக்கொண்டே இருக்கும்.

இனி நாக். 'ஆக் இல்லை' என்று பொதுவாக ட்ரிகர் வைத்ததும் நொடிக்குப் பல தடவை விழுந்தது. எதுவும் பழுதில்லை. ரீடின் கடைசி பைட்டுக்கு மாஸ்டரே (பஸ்ஸை நடத்தும் பக்கம்) வேண்டுமென்று நாக் கொடுத்துத்தான் முடிக்கும். அதனால் 'முகவரிக்கு ஆக் இல்லை' என்ற நிபந்தனைக்கு மாற்றினோம். அப்போதும் விழுந்தது: ரைட் செய்த பின் 5 மில்லிசெகண்ட் வரை சிப் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும், கூப்பிட்டால் பதில் தராது. ஃபர்ம்வேர் அதைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பதால் (போலிங்) வந்த நாக் அது. இதை சாதாரண ட்ரிகர் மெனுவால் பிரிக்க முடியாது; சோதனைக்காக மட்டும் போலிங்கை எடுத்துவிட்டு 6 மில்லிசெகண்ட் டிலே போட்டோம். அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வொன்றும் நிஜப் பழுது.

ட்ரிகர் புள்ளியைத் திரையின் 80 சதவீதத்துக்குத் தள்ளினோம். காரணம் முன்னால்தான் இருக்கும். திரை அகலம் 10 மில்லிசெகண்ட். ஸ்கோப்பின் மெமரியை 10 ஆயிரம் புள்ளிகளில் விட்டால் நொடிக்கு 10 லட்சம் சாம்பிள்தான், அதாவது ஒரு க்ளாக்குக்கு இரண்டரை. டீகோட் உளறும். 10 லட்சம் புள்ளி வைத்தால் ஒரு க்ளாக்குக்கு 250 கிடைக்கும்.

லைனை இழுப்பது யார் என்று தெரிய இன்னொரு சின்ன வேலை: ஈப்ராமின் எஸ்டிஏ காலில் மட்டும் தொடராக 100 ஓம். புல்-அப் 2.2 கிலோ ஓம். சிப் லைனை இழுக்கும்போது பஸ் பக்கத்தில் 'லோ' சுமார் 0.14 வோல்ட் மேலே நிற்கும். ஒன்பதாவது க்ளாக்கில் அந்தச் சின்னப் படி தெரிந்தால் ஆக் சிப்பினுடையது.

பழுது விழுந்தபோது அந்தப் படி இல்லை, எஸ்டிஏ மேலேயே நின்றது. எட்டு க்ளாக்கும் சுத்தம். மூன்றாவது சேனலை ஈப்ராமின் சப்ளை காலில் வைத்ததும் விடை வந்தது: 2.5 வோல்ட்டுக்குக் கீழே ஒரு சரிவு. இந்த சிப்புக்குக் குறைந்தபட்சமே அதுதான். சப்ளையைச் சரியாமல் தாங்க வேண்டிய, பக்கத்திலிருந்த 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரின் ஒரு கால் சால்டரில் ஒட்டவில்லை.

சீரியல் ட்ரிகர் இல்லாத ஸ்கோப் என்றால் பேட்டர்ன் ட்ரிகர் போதும்: எஸ்சிஎல் ஹை, எஸ்டிஏ இறங்கும் விளிம்பு. அது ஸ்டார்ட் (ஒரு பரிமாற்றம் தொடங்கும் அடையாளம்) மட்டும்தான். ஆனால் ரீடின் நடுவே மறுபடி வரும் ஸ்டார்ட்டும் (ரிப்பீட்டட் ஸ்டார்ட்) அதேபோலிருக்கும். ஒரு பைட் ரீடு மொத்தம் 115 மைக்ரோசெகண்ட் அளவு என்பதால் ஹோல்ட்-ஆஃபை (ஒரு தடவை விழுந்தபின் அடுத்த ட்ரிகருக்குக் காத்திருக்கும் நேரம்) 200 மைக்ரோசெகண்ட் வைத்தால் அது தாண்டிப் போய்விடும்.