பீரோவுக்குள் வரும் மழை: ஒரு ரைஃபிள்காரனின் பருவமழை நாட்குறிப்பு

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப் வாட்ஸப் குழுவில் எல்லோரும் ரைஃபிளுக்கான மழை உறை பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் துணி, எந்தக் கடை, என்ன விலை என்று. எனக்கு அதில் ஆர்வமில்லை. ஐம்பது மீட்டர் ரேஞ்சில் நாம் கூரைக்குக் கீழேதான் படுத்துச் சுடுகிறோம். சர்வதேச விதிப்படி குறைந்தது 45 மீட்டர் தூரம் திறந்த வெளியாக இருக்க வேண்டும், ஆகவே நனைவது தோட்டா போகும் பாதைதான், ரைஃபிள் இல்லை. சென்னையில் ரைஃபிளைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத ஈரம். அது பீரோவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் இன்று முழுக்க பீரோ வேலை. உள்ளே ஈரமானி வைத்தேன். 78 சதவீதம் காட்டியது. பழைய கேமராக்காரர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிடுவார்கள். அதே வைத்தியம்தான்: 15 வாட் பல்பு, அடித்தட்டில், துணியோ மரமோ தொடாத இடத்தில், கம்பிக் கூண்டுக்குள். பல்பு ஈரத்தை உறிஞ்சுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றை இரண்டு மூன்று டிகிரி சூடாக்குகிறது, சூடான காற்றில் ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடுகிறது. சாயங்காலம் பார்த்தபோது 64. தோட்டாக்களுக்கு எப்போதும்போலத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு, பல்பு இல்லாத அறை.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் எல்லாம் இளஞ்சிவப்பாக மாறிக் கிடந்தது. 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகிவிடும். அந்த நீலம் கோபால்ட் உப்பு, சாப்பாட்டுச் சாமான் பக்கம் போகக்கூடாது. இதற்கென்றே ஒரு பழைய ஓடிஜி அடுப்பு பால்கனியில் கிடக்கிறது, வீட்டில் யாருக்கும் அதைப் பிடிக்காது.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாமல் மழை. பள்ளிகளுக்கு லீவு. எங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன, 2023 டிசம்பர் வெள்ளத்தில் பட்டவர்கள் யாரும் இந்தத் தடவை காத்திருக்கவில்லை. நாளைக்கு ரெட் அலர்ட் வேறு.

வீட்டிலேயே இருப்பதால் ரைஃபிளை இடது கையோடு பிணைக்கும் வாரான தோல் ஸ்லிங்கைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, நைலான் ஸ்லிங்கை மாட்டினேன். தோல் ஈரம் குடித்தால் நீளும். காலையில் ஏழாவது ஓட்டையில் இறுக்கமாக இருந்தது மத்தியானம் தளர்ந்து, இடது கை கொஞ்சம் இறங்கி, குண்டுகள் எல்லாம் கீழே போகும். சுடுபவன் தன் மூச்சைத்தான் சந்தேகப்படுவான்.

அக்டோபர் 20, ஞாயிறு

ரெட் அலர்ட் அன்று பயந்த அளவுக்குப் பெய்யவில்லை. இன்று ரேஞ்ச் திறந்திருந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் காரில் ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு வந்தான். இறங்கியதும் பெட்டியைத் திறந்து ரைஃபிளை எடுத்து வைத்தான். இரண்டே நிமிடத்தில் பேரல் முழுக்க முத்து முத்தாக நீர். "அண்ணே, மழையிலேயே காட்டல, எப்படி நனைஞ்சது?" என்று கேட்டான்.

கணக்கு சுலபம். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை கிட்டத்தட்ட 25 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்த இரும்பின் மேலும் காற்றிலுள்ள நீர் படியும். 22 டிகிரி காரிலிருந்து வந்த பேரல் தப்பவே முடியாது. வெளியே தெரிவதைத் துடைத்துவிடலாம், குழலுக்குள்ளும், தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளும் பின்சைட் கண்ணாடியிலும் படிவதுதான் தொல்லை. பெட்டியை மூடியபடியே நிழலில் அரை மணி, முக்கால் மணி நேரம் வைத்திருந்து, இரும்பு வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் ஒன்றும் ஆகாது. நான் ரேஞ்ச் நெருங்கும்போதே ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுகிறேன். வியர்க்கும், பரவாயில்லை.

அவனுக்குச் சேம்பர் பக்கமிருந்து உலர்ந்த பேட்ச் (சிறு துணித் துண்டு) விட்டு எடுக்கக் காட்டினேன். வீட்டில் துருவுக்குப் பயந்து குழலுக்குள் எண்ணெய் போட்டிருந்தாலும் இதேதான், சுடும் முன் எண்ணெய் முழுக்க வெளியே வர வேண்டும். அதற்கப்புறமும் முதல் சில குண்டுகள் தள்ளித்தான் விழும், அவற்றைக் கணக்கில் வைக்கக்கூடாது.

திரும்பிப் போகும்போது இன்னொன்று. பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தை விடவே விடாது. வீட்டுக்குப் போனதும் ரைஃபிளை எடுத்து பீரோவில் வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஃபேனுக்குக் கீழே போட வேண்டும். சுடும்போது போடும் ஜாக்கெட்டும் அப்படியே, ஹேங்கரில், ஃபேன் காற்றில். வெயிலில் போட்டால் தோல் வெடித்துவிடும். ஈரமான கான்வாஸ் தொளதொளத்துப் போய் முதுகைப் பிடிக்காது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி அலுப்பு. ரேஞ்ச் போகவில்லை. பல்பு எரிகிறது, ஈரமானி 62.

நவம்பர் 17, ஞாயிறு

மேகமூட்டம், விட்டு விட்டுத் தூறல். இந்த வெளிச்சத்துக்கு ஐரிஸை, அதாவது பின்சைட்டில் கண் பார்க்கும் துளையை, 1.1 மில்லிமீட்டரிலிருந்து 1.3 ஆகத் திறந்தேன். அதற்கு மேல் திறந்தால் முன்சைட் வளையம் மங்கிவிடுகிறது.

காற்றுக் கொடிகள் நனைந்து கனத்துப் போயிருந்தன. லேசான காற்றுக்கு அவை அசையவே இல்லை, குண்டுகள் மட்டும் ஒன்பதாம் வளையத்தில் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், இதில் கொடி பொய் சொன்னால் என்ன செய்வது? தூறல் சாய்ந்து விழும் கோணத்தைப் பார்த்துச் சுடச் சொன்னார் பக்கத்து லேன் அக்கா. கொடியைவிட அது நேர்மையாகத்தான் இருந்தது.

தம்பியின் தோட்டா அட்டைப்பெட்டி நனைந்திருந்தது. நாங்கள் சுடும் .22 (0.22 அங்குல) தோட்டாவின் ஈயத்தின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு, ஈரக் கையால் தொட்டுத் தொட்டு அதில் மண்ணும் சேர்ந்துவிடும். ஊறிய தோட்டா வெடிக்காமலும் போகலாம், தாமதமாக வெடிக்கவும் செய்யலாம். 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால் குழலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருந்த பிறகுதான் சேம்பரை அடைத்திருக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். இதை அவனிடம் இரண்டு முறை சொன்னேன். இந்த ஒரு விஷயத்தில் யார் என்னைத் தொணதொணப்பவன் என்று சொன்னாலும் கவலையில்லை.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் டீ குடிக்கும்போது பெரிய ரைஃபிள்களின் கதை சொன்னார். அங்கே கூரை கிடையாது, குழல் வாயில் டேப் ஒட்டிக்கொள்வார்களாம். தோட்டாவுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே டேப்பைப் பிய்த்துவிடும், குறி மாறாது. சேம்பர் நனைந்திருப்பதுதான் ஆபத்து: பித்தளை உறை சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு அழுத்தமும் போல்ட் மேல் விழும். நம் .22வில் அழுத்தம் குறைவு என்றாலும் உலர்ந்த சேம்பர் என்பது நல்ல பழக்கம்தான்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். காலையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். போன வருடமே பீரோவை மாடிக்கு ஏற்றியாகிவிட்டது, லைசென்ஸ் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள். மத்தியானம் கரண்ட் போய்விட்டதால் பல்பு இல்லை. சிலிக்கா பைகளை எல்லாம் உள்ளே தள்ளிக் கதவை மூடினேன். திறந்து திறந்து பார்ப்பதை நிறுத்தினால்தான் அது வேலை செய்யும்.

டிசம்பர் 8, ஞாயிறு

கரண்ட் வந்தபோது ஈரமானியில் 71 இருந்தது, இன்று 63. துரு ஒரு புள்ளி இல்லை. ஆனால் ரேஞ்சில் சுட்டுப் பார்த்தால் குறி மூன்று கிளிக் (சைட் திருகின் மூன்று படி) மேலே போயிருந்தது.

காரணம் மரம். ரைஃபிளின் வால்நட் கட்டை ஈரத்தில் உப்புகிறது, போல்ட்டும் சேம்பரும் இருக்கும் ஆக்‌ஷனைப் பிடித்திருக்கும் திருகுகளின் இறுக்கம் மாறுகிறது. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், முன் திருகு நான் குறித்து வைத்த அளவில் இல்லை. சரிசெய்து சுட்டதும் இரண்டு கிளிக் திரும்பி வந்தது. மீதி ஒன்றை சைட்டில் திருப்பினேன். நோட்டில் ஜீரோவுக்கு (குறி சரியாக விழும் சைட் அளவு) பக்கத்தில் இனிமேல் ஈரப்பதத்தையும் எழுதப் போகிறேன். அக்டோபர் மாத ஜீரோ ஜனவரிக்கு உதவாது.

மரக் கட்டைக்குப் பதில் அலுமினிய ஸ்டாக் வாங்கிவிடுங்கள் அண்ணே, உப்பவே உப்பாது என்றான் தம்பி. விலை என்ன என்று கேட்டேன். சொன்னான். ஆகஸ்டில் பாரீஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியதைப் பற்றிப் பேச்சை மாற்றிவிட்டேன்.