கடுகு விதையும் புகையிலை விதையும்

அந்தியூர், கோபி பக்கம் புகையிலை நாற்று விட்டுப் பழகிய யாரிடமாவது மத்தேயு 13:32ஐ வாசித்துக் காட்டுங்கள். பரலோகராஜ்யத்துக்குக் கடுகை உவமையாக்கி, "அது சகல விதைகளிலும் சிறிதாயிருந்தும்" என்கிறார் இயேசு. புகையிலை விதையோ ஒரு கிராமுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் நிற்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்று மணலில் கலந்துதான் தூவுவார்கள். அதன் பக்கத்தில் கடுகை வைத்தால் கடுகு பெரிய உருண்டை. அதே வசனத்தில் அந்தக் கடுகு மரமாகவும் ஆகிவிடுகிறது. கடுகு ஆள் உயரம் வளர்ந்தாலும் செடிதானே?

விவசாயப் பாடமாக எடுத்தால் இந்த வசனம் நிற்காது. ஆனால் "அவனுக்குக் கடுகளவும் இரக்கம் இல்லை" என்று நாம் சொல்லும்போது யாரும் தராசைத் தேடுவதில்லை. பறவைகள் வந்து அடையும் மரம் எசேக்கியேல் 17:23லும் தானியேல் 4:12லும் ஏற்கெனவே வருகிறது, அங்கே அது ராஜ்யங்களுக்கு அடையாளம். கரையில் நின்று கேட்ட யூதர்களுக்கு அது பழகிய படம். கண்ணுக்கே தெரியாத தொடக்கம், பேரரசு அளவு முடிவு என்பதுதான் உவமையின் செய்தி. அந்தச் செய்திக்குப் புகையிலை விதையால் ஒரு பங்கமும் இல்லை.

இப்படிச் சொன்னால் வேதப்பாட வகுப்பில் உடனே ஒரு கேள்வி வரும்: "ஏனுங்க, அப்போ வேதத்துல இருக்கறதை அப்படியே நம்ப வேண்டியதில்லீங்களா?" கேள்வி நியாயமானதுதான், ஆனால் 'அப்படியே' என்பது எது என்று முதலில் தெளிய வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதைத் தெளிவாகவே பிரித்தார். கர்த்தருடைய புயம் என்று எழுதியிருந்தால், கடவுளுக்குத் தோளும் முழங்கையும் உண்டு என்பது அதன் நேர்ப்பொருள் அல்ல, அவருடைய வல்லமைதான் நேர்ப்பொருள். அதாவது உருவகமும் நேர்ப்பொருளுக்குள்ளேயே அடக்கம். எழுதியவர் சொல்ல வந்ததை எடுத்துக்கொள்வதே எழுத்தின்படி எடுப்பது.

இதனால்தான் எழுத்தின்படி வாசிக்கும் சபை, உருவகமாக வாசிக்கும் சபை என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஈரோட்டிலோ திருப்பூரிலோ நடந்து போகிற தூரத்துக்குள் கத்தோலிக்கக் கோயில், சி.எஸ்.ஐ., பிரதரன், பெந்தெகொஸ்தே எல்லாம் இருக்கும். கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தைக் கொடுத்து இயேசு சொன்ன "இது என்னுடைய சரீரம்" என்ற வாக்கை அப்படியே எடுப்பவர்கள் கத்தோலிக்கர். ஆதியாகமத்தின் ஆறு நாளையும் வெளிப்படுத்தலின் ஆயிரம் வருஷத்தையும் எழுத்தின்படி எடுக்கும் சபைகளில் பெரும்பாலானவை அப்பத்துக்கு வந்ததும் "நினைவுச் சின்னம்" என்று சொல்லிவிடுகின்றன. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் இதற்காகவே உட்கார்ந்தார்கள். "இது என் சரீரம்" என்று மேசையில் சாக்கட்டியால் எழுதிவைத்துவிட்டுத்தான் லூத்தர் பேச்சையே தொடங்கினார். 15 குறிப்புகளில் 14க்கு ஒப்புக்கொண்டு, கடைசியில் இந்த ஒன்றில் பிரிந்தார்கள்.

ஆதியாகமத்தை உருவகமாக எடுப்பது டார்வினுக்குப் பயந்து வந்த பழக்கம் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கலாம். அது சரியல்ல. சூரியன் உண்டானது நாலாம் நாளில், அப்படியிருக்க முதல் மூன்று நாளும் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன என்று ஆதிச்சபை அறிஞர் ஓரிகன் 3ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்ற கணக்கும் வேதத்தில் இல்லை. அது அயர்லாந்துப் பேராயர் அஷர் 17ஆம் நூற்றாண்டில் போட்டது. 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி, வசனத்தோடு வசனமாக மனதில் பதிந்துபோனது.

சரி, ஒரு பகுதியை எப்படி எடுப்பது? முதலில் அது எந்த வகை எழுத்து என்று பாருங்கள். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழக்கமான பதிப்புகளில் ஒவ்வொரு வசனமும் தனிப் பத்தியாக இருப்பதால் கதையும் பாட்டும் ஒரே மாதிரி தெரியும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் பாட்டு அடியடியாக அச்சாகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் விரித்து யாத்திராகமம் 14, 15 அதிகாரங்களை வாசியுங்கள். 14:21 நடந்ததைச் சொல்கிறது: இரா முழுவதும் பலத்த கீழ்காற்று வீசிக் கடல் ஒதுங்கியது. 15:8 அதே நிகழ்ச்சியைப் பாடுகிறது: உமது நாசியின் சுவாசத்தினால் ஜலம் குவிந்து நின்றது. கீழ்காற்றுதான் பாட்டில் மூக்கின் மூச்சாகிறது. இரண்டும் உண்மை, ஆனால் ஒன்றை வாசிப்பதுபோல இன்னொன்றை வாசிக்கக் கூடாது.

அடுத்து, முன்னும் பின்னும் ஒரு அதிகாரமாவது வாசிப்பது. புத்தாண்டு இரவு ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையில் இதற்கு இடமே கிடையாது. நல்ல முடிவு தருவேன் என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 அட்டைக்காரர்களுக்குப் பிடித்த வசனம். அதற்கு முந்தின வசனம், பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் என்கிறது. கேட்டவர்களில் பலர் அதற்குள் செத்துப்போயிருப்பார்கள். அதை எந்த அட்டையிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

பிறகு, வேதமே விளக்கம் தருகிறதா என்று பாருங்கள். வெளிப்படுத்தல் 1:20 நட்சத்திரம் எது, குத்துவிளக்கு எது என்று சொல்லிவிடுகிறது. யோவான் சுவிசேஷத்திலோ எழுத்தின்படி எடுத்து ஏமாறுகிறவர்கள் வரிசையாக வருகிறார்கள்: தாயின் வயிற்றில் மறுபடி நுழைய முடியுமா என்று கேட்ட நிக்கொதேமு, இனித் தண்ணீர் மொள்ள வரவேண்டாம் என்று மகிழ்ந்த சமாரியப் பெண், லாசரு தூங்கினால் சுகமாவான் என்ற சீஷர்கள்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. தூதர்கள் தாங்குவார்கள் என்னும் சங்கீதம் 91ஐப் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்து ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னது பிசாசு (மத்தேயு 4:6). அமெரிக்காவில் மாற்கு 16:18ஐ வைத்து ஆராதனையில் பாம்பைக் கையில் எடுக்கும் வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்ற வேதாகமக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு 16, 8ஆம் வசனத்தோடு முடிகிறது என்பது அவர் கணக்கில் வரவில்லை.

மறுபக்கம் நம்மூர்ப் பிரசங்கியார்களுக்குத் கோலியாத்தோடு மோதத் தாவீது எடுத்த ஐந்து கூழாங்கல் கிடைத்தால் போதும். முதல் கல் விசுவாசம், இரண்டாவது ஜெபம் என்று ஐந்துக்கும் பெயர் வைத்துவிடுவார்கள். நல்ல சமாரியன் கதையில் சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல் என்று ஆதிச்சபையின் பெரிய ஆசிரியர் அகுஸ்தீனே எடுத்தார், அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதில் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஐந்து கல்லுக்கும் வேறு ஐந்து பெயர் வைத்தாலும் பிரசங்கம் அதேபோல ஓடும். ஓடுகிறது என்றால் அந்தப் பொருள் வசனத்திலிருந்து வரவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் கொங்குச் சபைகளின் வித்தியாசம் இலையிலேயே தெரியும். ஆட்டு ரத்தப் பொரியலைப் பெந்தெகொஸ்தே வீடுகளில் தொடமாட்டார்கள். அப்போஸ்தலர் 15:29 ரத்தத்துக்கு விலகச் சொல்கிறது. கிழக்குச் சபைகளும் 692ஆம் ஆண்டு டிருல்லோ சங்கத்தில் (ஆயர்கள் கூடிய சபை மாநாடு) அதைத் தடை செய்தன. மேற்கில் 1442இல் ஃபிளாரன்ஸ் சங்கம், யூதரும் புறஜாதியாரும் ஒரே சபையாக இணைந்த காலத்துக்கான ஏற்பாடு அது, அந்தக் காரணம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. இருவரும் வசனத்தை மதிக்கிறார்கள். கட்டளைக்குக் காலம் உண்டா என்பதில்தான் பிரிகிறார்கள்.

கருப்பராயன் கோயில் கிடா விருந்துக்கு அழைத்தால்? பவுல் 1 கொரிந்தியர் 10இல் படிப்படியாகச் சொல்கிறார். கறிக்கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. அவிசுவாசி வீட்டுக்கு அழைத்தாலும் விசாரிக்காமல் சாப்பிடு. படைத்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால், சொன்னவனுக்காகச் சாப்பிடாதே. கிடா விருந்தில் அழைப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள், ஆகவே 28ஆம் வசனம்தான் பொருந்தும். அதே ஆடு மறுநாள் கறிக்கடைக்கு வந்தால் 25ஆம் வசனம்.

வட்டி விஷயத்தில் எல்லாச் சபையும் ஒரே மாதிரி மௌனம். யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:36, சங்கீதம் 15:5 எல்லாம் வட்டி வாங்காதே என்பவை. 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் பேர்போன வட்டிக்காரருக்குக் கிறிஸ்தவ அடக்கமே கிடையாது என்றது. ஏழைக்குக் கொடுக்கும் கடன் வேறு, தொழிலுக்குக் கொடுக்கும் கடன் வேறு என்று 1545இல் சீர்திருத்தத் தலைவர் கால்வின் பிரித்தார். அது யோசித்துப் பிரித்த பிரிப்பு. வாரவட்டி பைனான்ஸ் நடத்திக்கொண்டு பெண்களின் கம்மலுக்கு மட்டும், பொன்னால் அலங்கரிக்க வேண்டாம் என்னும் 1 தீமோத்தேயு 2:9ஐ எழுத்தின்படி எடுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கல்யாணப் பேச்சில் இதே வேலை சாதிக்காக நடக்கும். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்ற கலாத்தியர் 3:28ஐக் காட்டினால், "அது ஆவிக்குரிய அர்த்தமுங்க" என்று பதில் வரும். முந்தின அதிகாரத்தை வாசித்தால் அந்த அர்த்தம் நிற்காது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கேட்டது அந்தப் பந்தியைப் பற்றித்தான்.