சீஸ்னு தேடினா வரல

லெகோ வச்சு சொந்தமா எதையாவது கட்டறவங்களுக்கு ஒரு ஆப் பண்ணணும்னு எங்க டீமுக்கு வேலை வந்தப்ப, இது அல்வா மாதிரின்னு நெனச்சேன். கணக்கு அவ்ளோ சுத்தம். ஒரு ஸ்டட், அதான் மேல இருக்கற குமிழ், அதுலேர்ந்து அடுத்த ஸ்டட்டுக்கு 8 மில்லிமீட்டர், பிரிக் உயரம் 9.6, பிளேட்டுங்கற தட்டை பீஸ் 3.2, மூணு பிளேட் அடுக்கினா ஒரு பிரிக். 1995ல ஜேம்ஸ் ஜெசிமன் ஆரம்பிச்சு வச்ச எல்டிராவுல, அதான் லெகோ மாடலை கம்ப்யூட்டர்ல கட்டற சாஃப்ட்வேர்ல, ஒரு யூனிட்டுன்னா 0.4 மில்லிமீட்டர், அப்ப ஸ்டட் இடைவெளி 20, பிளேட் 8, பிரிக் 24, எல்லாமே முழு எண்ணா வந்துடும்.

டெஸ்டிங்குக்கு ஒருத்தர் வந்தார், பேங்க்ல வேலை, பசங்க தூங்கினப்புறம் சாப்பாட்டு டேபிள்ல உக்காந்து கட்டறவர். அவருக்கு அந்த குட்டி சரிவு பீஸ் வேணும். ஆப்ல 'சீஸ்'னு டைப் பண்றார், ஒண்ணும் வரல. நாங்க கேட்டலாக்ல இருந்தபடி 'ஸ்லோப் 30, 1க்கு 1'னு போட்டு வச்சிருக்கோம், ஆனா இந்த ஹாபில இருக்கறவங்க பூரா அதை சீஸ் ஸ்லோப்னுதான் சொல்றாங்க. சரி இது சின்ன விஷயம், ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டோம்.

அடுத்து நடந்ததுதான் விஷயம். மனுஷன் டேப்லெட்டை ஓரமா வச்சுட்டு தான் கொண்டுவந்த டப்பாவுக்குள்ள கையை விட்டு கலகலன்னு கிளற ஆரம்பிச்சார், ரெண்டு நிமிஷம் இருக்கும், தேடினது கெடைக்கல, அஞ்சு பிளேட்டை அடுக்கி பக்கவாட்டுல திருப்பி தான் கட்டினதுல இருந்த ஒரு சந்துல நிறுத்தினார். கச்சிதமா உக்காந்துச்சு. அஞ்சு மூணு புள்ளி ரெண்டு பதினாறு, ரெண்டு ஸ்டட்டும் பதினாறு. "இதுவே நல்லாருக்கு சார்"ன்னார். அதையே ஆப்ல செஞ்சு பாத்தோம், 'இங்கே பொருத்த முடியாது'ன்னு செவப்புல வந்துச்சு. நான் எழுதின புரோகிராம்தான். ஸ்டட் மேல பாத்துதான் இருக்கும்னு எழுதி வச்சிருந்தேன்.

அதுக்குள்ள மேனேஜர் வேற ஒண்ணு புடிச்சிட்டார், பீஸை எல்லாம் போட்டோ எடு, என்ன கட்டலாம்னு ஆப்பே சொல்லும். ஒரே கலர்ல ஆறு 2க்கு 4 பிரிக்கை 91,51,03,765 விதமா சேக்கலாம்னு முதல் ஸ்லைடுலயே பெருசா போட்டார் (அந்தக் கணக்கு சரிதான்). டெஸ்ட்ல நாலு பேருக்கு ஒரே செட் பீஸ் குடுத்தோம், நாலு பேரும் ஆப் காட்டின அதே காரை கட்டிட்டு எழுந்து போனாங்க. நான் வேண்டாம்னு சண்டை போட்டேன், எடுபடல, அந்த ஃபீச்சர் போச்சு ரிலீஸுக்கு.

ஆனா ஒரு ஓரமா 'கிளறு'ன்னு ஒரு ஸ்கிரீன் வைக்க ஒத்துக்கிட்டாங்க. வரிசை, பேரு, சர்ச் எதுவும் கெடையாது, பீஸெல்லாம் குவியலா கெடக்கும், விரலால ஒதுக்கி ஒதுக்கி பாக்கணும், எதையும் எப்படி வேணா திருப்பி வைக்கலாம். அந்த பேங்க் காரரை திரும்பக் கூப்பிட்டு காட்டினோம், கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளி பாத்துட்டு "எல்லாம் சரி, சத்தம் இல்லையே"ன்னார்.

அன்னைக்கு சாயங்காலம் மீட்டிங் ரூம் கதவை சாத்திட்டு, ஒருத்தன் போனைப் புடிக்க நான் டப்பாவைக் கிளறிக்கிட்டிருந்தேன், மூணாவது டேக்குல பக்கத்து ரூம்லேர்ந்து செவுத்தை தட்டிட்டாங்க. ரிலீஸான ஆப்ல அந்த தட்டும் லேசா கேக்கும்.