சூளைக் கணக்கு தெரிந்தால் செராமிக்கில் பிழைக்கலாம்

"செராமிக் படிச்சா சோறு கிடைக்குமா அக்கா?" பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இப்படிக் கேட்டு மெசேஜ் அனுப்புகிறார்கள். கிடைக்கும். ஆனால் கல்லூரியில் சொல்லித் தராத ஒரு பாடம் இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் எங்கே படிப்பது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளியின் வாரிசு அது. செராமிக்கில் பிஎஃப்ஏ, அதாவது இளங்கலை நுண்கலைப் பட்டம், நான்கு வருடம். நுழைவுத் தேர்வில் வரைந்து காட்ட வேண்டும், அதனால் பென்சில் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். விருத்தாசலத்தில் அரசு நிறுவனம் ஒன்று செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ நடத்துகிறது. அது தொழிற்சாலைப் பக்கம் போகிறவர்களுக்கான படிப்பு, ஆனால் மண்ணின் வேதியியலும் சூளையின் நடத்தையும் அங்கே ஒழுங்காகப் பிடிபடும். கலைஞர்கள் அந்தப் படிப்பைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். வசதியும் மதிப்பெண்ணும் இருந்தால் அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தையும் (NID) பாருங்கள்.

எங்கே படித்தாலும் அதற்குப் பிறகு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பட்டறையில் உதவியாளாகச் சேருங்கள். இந்தியாவில் ஸ்டுடியோ பாட்டரி, அதாவது சின்னப் பட்டறையில் கையால் செய்யும் மண்பாண்டம், என்று சொன்னால் புதுச்சேரியைத் தாண்டிப் போக முடியாது. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகியவர்கள் இன்று நாடு முழுக்க இருக்கிறார்கள். மீக்கர் மண்வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர், ஆளுயரச் சிற்பங்களும் செய்தவர். அந்தப் பட்டறையின் அன்றாடச் சரக்கோ தட்டு, கிண்ணம், கப். நான் பிடித்துக்கொண்ட பாடம் இதுதான்: கண்காட்சிக்கு வைக்கும் வேலைக்கான காசை மேசைக்குப் போகும் பாத்திரம் சம்பாதித்துத் தர வேண்டும்.

இப்போது சூளைக் கணக்குக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு கப்புக்கு மண் எவ்வளவு, கிளேஸ் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு) எவ்வளவு என்று பார்த்து விலை வைக்கிறார்கள். மண்ணின் விலை அதில் கொசுறு. கணக்கை ஒரு லோடுக்கு, அதாவது சூளையை ஒரு முறை நிரப்பிச் சுடும் சரக்குக்கு, போடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு லோடில் 80 கப் ஏற்றுகிறீர்கள். மண், கிளேஸ், இரண்டு முறை சுடும் கேஸ், ஷெல்ஃப் தேய்மானம் எல்லாம் 9,000. வாடகை, பேக்கிங் 6,000. உங்கள் கூலி ஏழு நாளுக்கு 7,000. ஆக 22,000 ரூபாய். இதை 80-ஆல் வகுத்தால் கப் 275. ஆனால் சூளையைத் திறந்தால் கைப்பிடியில் விரிசல் சில, ஷெல்ஃபில் ஒட்டியது சில, கிளேஸ் சுருண்டது சில என்று கழித்து 65 தேறும். 275-க்கு விற்றால் அந்த லோடில் 4,125 ரூபாய் கையை விட்டுப் போகிறது. 65-ஆல் வகுத்தால் 338. கடையோ கேலரியோ விலையில் பாதி வரை எடுத்துக்கொள்வது சகஜம் என்பதால் கடை விலை 700-ஐத் தொட வேண்டும். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் விலையைக் குறைக்காதீர்கள், சேதத்தைக் குறையுங்கள்.

அதற்கு நோட்டு வேண்டும். எந்த மண், எந்த கிளேஸ், எத்தனை மணி நேரத்தில் எந்த வெப்பம், கோன் (வெப்பத்தைக் காட்டச் சூளைக்குள் வைக்கும் சின்னக் கூம்பு) எப்படி வளைந்தது, எந்த ஷெல்ஃபில் எது போனது என்று ஒவ்வொரு லோடுக்கும் எழுதுங்கள். எழுதினால்தான் தெரியும்: அடியில் எஸ் வடிவ விரிசல் வந்த தட்டுகளெல்லாம், சக்கரத்தில் அடிமண்ணைச் சரியாக அழுத்தாமல் விட்ட நாளைச் சேர்ந்தவை என்று. சூளையிலிருந்து எடுத்து வைத்த கப்கள் மணிக்கணக்கில் 'டிங்... டிங்' என்று ஒலித்துக்கொண்டிருக்கும். புதியவர்களுக்கு அது சங்கீதம். கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கி மயிரிழையாக வெடிக்கும் சத்தம் அது. வெளிச்சத்தில் சாய்த்தால் வலை மாதிரி தெரியும். அலங்காரச் சாடி என்றால் போகட்டும், சாப்பாட்டுப் பாத்திரத்தில் இது ஆகாது. கிளேஸில் சேரும் சிலிக்காப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி டெஸ்ட் டைல் சுட்டுப் பாருங்கள்.

சிலிக்கா என்றதும் இன்னொன்று. பட்டறையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. ஈரத்துணிதான். பொடி கலக்கும்போது வெறும் துணி மாஸ்க் போதாது, நுண்தூசியை வடிகட்டும் ரெஸ்பிரேட்டர் போடுங்கள். நுரையீரலில் படிந்த சிலிக்கா திரும்பி வராது.

ரெஸ்டாரன்ட் ஆர்டர் நல்ல வருமானம், கவனமாக எடுத்தால். 22 செ.மீ. தட்டு கேட்கிறார்கள், உங்கள் மண் 12 சதவீதம் சுருங்கும் என்றால், 22-உடன் 12 சதவீதத்தைக் கூட்டிச் செய்யாதீர்கள், தட்டு சின்னதாகிவிடும். 22-ஐ 0.88-ஆல் வகுங்கள், ஈரத்தில் சரியாக 25 செ.மீ. வரும். பாதிப் பணம் முன்கூட்டியே வாங்குங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் ஆடாமல் நிற்கிற மாதிரி தட்டை வடிவமையுங்கள், ஹோட்டல் சமையலறையில் அழகைவிட அதுதான் முக்கியம். ஒப்புக்கொண்ட எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் செய்து வையுங்கள், ஆறு மாதத்தில் உடைந்ததற்கு மாற்று கேட்பார்கள், அதே நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை.

வார இறுதி வகுப்பு எடுப்பதைச் சில சீனியர்கள் 'கலைக்கு இழுக்கு' என்பார்கள். வாடகை கட்டுகிறவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

பட்டறையில் இடம் கேட்டுப் போகும்போது பெரிய சிற்பத்தின் போட்டோவைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே உயரம், ஒரே எடையில் ஆறு கப் கொண்டுபோங்கள். கையில் தூக்கிப் பார்ப்பார்கள், கவிழ்த்து அடிவளையத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள், கைப்பிடி ஒட்டிய இடத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் அதற்குள் பதில் தெரிந்துவிடும்.