வழியனுப்பு ஆராதனை முடிந்தது, விசா வரவில்லை

போன ஞாயிறு சபையே கண்ணீர்விட்டு வழியனுப்பிவைத்த மிஷனெரிக் குடும்பம், இந்த ஞாயிறு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும். விசா வரவில்லை. முதல் வாரம், "ஸ்தோத்திரம், இன்னும் ஒரு வாரம் உங்களோட இருக்கக் கிடைச்சுதே" என்பார்கள். இரண்டாம் வாரம், "இன்னும் கிளம்பலையா?" மூன்றாம் வாரம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அது இன்னும் கஷ்டம். ஐந்தாம் வாரம் ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "நீங்க இருக்கிற வரைக்கும் அந்தச் சின்னப் பிள்ளைங்க வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?" என்பார். வீட்டில் சோபாவை விற்றாயிற்று, கட்டிலைக் கொடுத்தாயிற்று. நாலு பேரும் கட்டிவைத்த பெட்டிகள்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பரிசாக வந்த சுவர்க் கடிகாரம் சுவர் ஓரமாகத் தரையில் சாய்ந்துகொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்குக் காரணம் விசுவாசக் குறைவு இல்லை, வரிசைக் குழப்பம். முதலில் விசா, பிறகு டிக்கெட், டிக்கெட் தேதி தெரிந்தபின் வீட்டைக் காலிசெய்வது, கடைசியாக வழியனுப்பு. ஆனால் இந்த நாலில் நம் கையில் இருப்பது வழியனுப்பு ஒன்றுதான். தூதரகத்தின் தேதியை நாம் குறிக்க முடியாது, சபை மண்டபத்தின் தேதியைக் குறிக்கலாம். அதனாலேயே பலரும் வாலை முதலில் பிடித்துவிடுகிறார்கள்.

ஆறுதலுக்கு, இந்தியாவுக்கு வந்த மிஷனெரி வில்லியம் கேரி இருக்கிறார். 1793-இல் இங்கிலாந்தில் வழியனுப்புக் கூட்டமெல்லாம் முடிந்து கப்பலும் ஏறிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லை என்று மூட்டை முடிச்சோடு இறக்கிவிடப்பட்டார். இப்போதைய கணக்கில், சீட்பெல்ட் போட்டபின் விமானத்தை விட்டு இறங்கச் சொல்வது மாதிரி. ஆனால் முதலில் வரவே மாட்டேன் என்றிருந்த மனைவி டாரதி, அந்தத் தாமதத்துக்குள்தான் மனம் மாறினார். கையில் பிறந்து சில வாரமே ஆன குழந்தை. தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்பது நிபந்தனை. மொத்தக் குடும்பமும் ஜூன் 13-ஆம் தேதி ஒரு டென்மார்க் கப்பலில் புறப்பட்டு, நவம்பரில் வங்காளம் போய்ச் சேர்ந்தது. கைக்குழந்தையோடு ஐந்து மாதம் கப்பலில். பத்து மணி நேர விமானத்துக்கு ஜெபக் குறிப்பு அனுப்புகிறவர்கள் இதை ஒருதரம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஆயுள் உண்டு. போலீஸ் சான்று பல நாடுகளில் மூன்று அல்லது ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். மருத்துவச் சான்றுக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. சுறுசுறுப்பான குடும்பம் எல்லாவற்றையும் முதல் மாதமே வாங்கிவிடும். திருமணச் சான்று வெளிநாட்டுக்கான அரசு முத்திரை பெற்று வரும்போது போலீஸ் சான்று காலாவதி. அதைப் புதுப்பித்து வரும்போது மருத்துவச் சான்று காலாவதி. எனவே சாகாத காகிதத்தை முதலிலும், சீக்கிரம் சாகிற காகிதத்தைக் கடைசியிலும் வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். அப்பா அம்மா பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் பிள்ளைகளுடையதைப் பார்ப்பதில்லை. பல நாடுகளில் சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் குறைவு. பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி வசிப்பு அனுமதி தராத நாடுகளும் உண்டு, ஆகவே வீட்டிலேயே சின்னவன் முழுக் குடும்பத்தின் கால அட்டவணையையும் தீர்மானித்துவிடுவான். கைக்குழந்தைக்குப் போட்டோ எடுப்பது தனி ஊழியம். வெள்ளைத் துணிமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, நேர் மேலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், தாங்கிப் பிடிக்கிற கை படத்தில் தெரியக் கூடாது. இந்த நாலும் ஒரே விநாடியில் அமைவது அற்புதங்களின் கணக்கில் வரும்.

திருமணச் சான்றை லேமினேட் செய்து பத்திரப்படுத்தியவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். பிளாஸ்டிக்மேல் முத்திரை ஒட்டாது. புதுப் பிரதிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுச் சான்றுகளை ஏற்பது பற்றிய 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருந்தால் ‘அபோஸ்டில்’ என்ற ஒரே சான்றோடு வேலை முடியும். இல்லையென்றால் நோட்டரி, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று படி ஏற வேண்டும். மொழிபெயர்ப்பை அவசரப்பட்டு முன்கூட்டியே செய்யாதீர்கள். முத்திரையில் இருக்கிற எழுத்துகளையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள், சில நாடுகள் தங்கள் ஊர் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் செய்ததை மட்டும்தான் ஏற்கும். போகிற நாட்டைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஆபிரகாம் தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப் போனார். இன்றைய விசாப் படிவத்தில் ‘தங்கப்போகும் முகவரி’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

ஊசிக் கணக்கைத் தள்ளிப்போடக் கூடாது. ஹெபடைடிஸ் பி வழக்கமான முறையில் மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்றே போதும், 2016 ஜூலை முதல் அந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். விமானத்துக்கு முந்தின நாள் போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டையை நீட்டினால், அது அட்டை மட்டும்தான். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பொதுவாக இதைப் போடமாட்டார்கள், அதற்கு மருத்துவர் கடிதம் வேண்டும். தட்டம்மை ஊசி மாதிரி உயிருள்ள கிருமி கலந்த இன்னொன்றும் பாக்கியிருந்தால், இரண்டையும் ஒரே நாளில் போடலாமா, நாலு வார இடைவெளி விடுவதா என்று டாக்டரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. இதெல்லாம் ஆறு மாதத்துக்கு முன் பேச வேண்டிய பேச்சு. பெட்டி கட்டும் இரவில் ஞாபகம் வந்து பயனில்லை.

பணத்தைப் பற்றி நீட்டி எழுதவில்லை. "மாசாமாசம் நாங்க தாங்குவோம்" என்று கூட்டத்தில் உயர்ந்த கைகள் வேறு, வங்கிக் கணக்கில் வந்து விழுவது வேறு. முதல் மூன்று மாதம் ஒழுங்காக வந்தபின்தான் ஒரு காணிக்கையைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மிஷனெரி அதோனிராம் ஜட்சன் 1812-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு சங்கம் அனுப்பிக் கப்பல் ஏறினார். கப்பலிலேயே வேதத்தை ஆராய்ந்து, ஞானஸ்நானம் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்டு, கல்கத்தாவில் முழுக்கு எடுத்துக்கொண்டார். அனுப்பிய சங்கமோ குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் கருத்துடையது. நடுவழியில் ஆதரவு போயிற்று. அதே சங்கம் வேறொரு கப்பலில் அனுப்பிய லூத்தர் ரைஸ் ஊர் திரும்பி, புதிதாக ஆதரவாளர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நீண்ட பயணத்தில் படிக்க என்ன புத்தகம் எடுத்துப்போகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

பெட்டி. உண்மையான ஆவிக்குரிய போராட்டம் இங்கேதான்.

பல விமான நிறுவனங்களில் நெடுந்தூரப் பயணத்துக்கு ஒரு பெட்டி 23 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. டிக்கெட்டில் ஆளுக்கு இரண்டு பெட்டி என்று வைத்தால், நாலு பேருக்கு எட்டுப் பெட்டி, 184 கிலோ. கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் காலிப் பெட்டியே நாலரைக் கிலோ. எட்டுக்கு 36 கிலோ பெட்டிக்கே போயிற்று. மிச்சம் 148. அதற்குள் ஒரு குடும்பத்தின் பல வருடம்.

இரவு பதினொரு மணி. அப்பா பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி எடை மெஷின்மேல் ஏறி நிற்கிறார். பெட்டி மறைப்பதால் அவருக்கு எண் தெரியாது. அம்மா குனிந்து படிக்கிறார்.

"என்னங்க, தொண்ணூத்தஞ்சு புள்ளி மூணு."

"என் எடையைக் கழி. எழுபத்தொண்ணு."

"அது போன வருஷம். இப்ப தனியா ஒருதரம் ஏறி நில்லுங்க."

தனியாக நிற்கிறார். எழுபத்து மூன்று. ஆக, பெட்டி 22.3. தீர்ப்பு பெட்டிக்குச் சாதகம், அப்பாவுக்குப் பாதகம். மெஷினைக் கெட்டித் தரையில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும், கம்பளத்தின்மேல் வைத்தால் எடை தவறும். கொக்கி மாட்டித் தூக்கும் தராசு இருந்தால் இந்தக் குடும்ப ரகசியமெல்லாம் வெளிவராது. எதில் நிறுத்தாலும் 22 கிலோவில் நிறுத்திக்கொள்ளுங்கள். விமான நிலையத் தராசு நம் வீட்டுத் தராசுக்குக் கட்டுப்பட்டதல்ல.

"அடுத்தது இருபத்தாறு. உங்க விளக்கவுரைப் புத்தகம் நாலையும் எடுத்துடவா?"

"அது ஊழியத்துக்கும்மா."

"அப்ப குக்கர் யாருக்காம்?"

காகிதத்தின் எடையை யாரும் மதிப்பதில்லை. சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. தடித்த புத்தகம் நாலு போனால் பெட்டியில் சட்டைக்கு இடமில்லை. மின்னூலாகக் கிடைப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு, அடிக்கோடிட்டு ஓரத்தில் எழுதி வைத்திருக்கிற வேதாகமத்தை மட்டும் கைப்பையில் வைப்பது உத்தமம்.

வழியனுப்பில் வந்த பரிசு ஒன்று கட்டாயம் இருக்கும்: கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய வசனப் படம், பெரும்பாலும் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’. இருபத்து மூன்றாம் சங்கீதம் இருபத்து மூன்று கிலோவுக்குள் அடங்காது. கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டு, படத்தை மட்டும் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டால் நூறு கிராம்கூட வராது. கழற்றும் முன் கொடுத்தவரோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாமான் பையே வேண்டாம் என்று எழுபது பேரை அனுப்பின இயேசுவுக்கு இந்தத் தொல்லை எல்லாம் முன்னமே தெரிந்திருக்கும்போல.

ஆளுக்கொரு பெட்டி என்று பிரிக்காதீர்கள். ஒரு பெட்டி வழிதவறினால் ஒருவருக்கு உடுத்தத் துணியே இருக்காது. எல்லாப் பெட்டியிலும் எல்லாருடைய துணியும் இரண்டு செட் இருக்கட்டும். அசல் காகிதங்களும் மருந்தும் கைப்பையில். பவர் பேங்கும் கைப்பையில்தான், கீழே போகும் பெட்டியில் வைத்தால் திறந்து எடுக்கச் சொல்வார்கள். அளவு 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 20 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள்: 74. பிரச்சினை இல்லை. மின்சாரச் சாமானின் அடியில் ‘100–240 வோல்ட்’ என்று எழுதியிருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 110 வோல்ட் மிக்ஸியை அடாப்டர் நம்பி 230-இல் செருகினால், புது வீட்டில் முதல் தகன பலி அதுவாகத்தான் இருக்கும்.

கவுன்டரில் எட்டுப் பெட்டியும் தப்பித்தபின் வருகிற கேள்வி: "திரும்பி வரும் டிக்கெட் எங்கே?" நுழைய அனுமதி கிடைக்காத பயணியை விமான நிறுவனமே திருப்பிக் கொண்டுவர வேண்டும், பல நாடுகளில் அபராதமும் கட்ட வேண்டும். அதனால் கவுன்டரில் இருக்கும் பெண் திரையில் ‘டிமாட்டிக்’ என்ற, நாடுகளின் நுழைவு விதித் தொகுப்பைப் பார்த்துத்தான் விடுவார். அவரிடம் அழைப்பைப் பற்றிச் சாட்சி சொல்வதைவிட, நீண்டகால விசாவின் அச்சுப் பிரதியை நீட்டுவது பலன் தரும்.

பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர்கள் செய்யும் தவறு, தூங்கும்போது பொம்மைகளைக் குறைப்பது. ஆளுக்கு ஒரு சின்னப் பை கொடுத்து, உள்ளே என்ன என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பைக்குள் பள்ளிக்கூட வாசல் கூழாங்கல் ஏழு இருந்தாலும் கேள்வி கேட்காதீர்கள். இடம்பெயரும் குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதிய டேவிட் பொல்லாக் ஒரு தெப்பத்தைச் சொன்னார், நாலு கட்டை கொண்டது: மனத்தாங்கல் இருந்தால் சரிசெய்வது, அன்பையும் நன்றியையும் வாய்விட்டுச் சொல்வது, ஆளுக்கும் இடத்துக்கும் பொருளுக்கும் விடைபெறுவது, போகிற இடத்தைப் பற்றி யோசிப்பது. பெரியவர்கள் நாலாவது கட்டைமேலேயே நின்றுகொண்டிருப்பார்கள். பிள்ளைகள் மூன்றாவதில் நிற்பார்கள், மாடிப்படிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் டாட்டா சொல்லிக்கொண்டு. அவசரப்படுத்தாதீர்கள், டாக்சி இரண்டு நிமிடம் நிற்கும்.

இறங்கிய முதல் வாரம் இரவு மூன்று மணிக்கு வீடே விழித்திருக்கும். கிழக்கு நோக்கிப் போனால் உடம்பு பழகக் கூடுதல் நாளாகும். மொழி அதைவிட மெதுவாக வரும். தாய்லாந்து மொழியில் ‘சுவாய்’ என்பதைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சொன்னால் அழகு, ஏற்றாமல் சமமாகச் சொன்னால் துரதிர்ஷ்டம். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொஞ்சப் போகுமுன் ஆசிரியரிடம் ஒருதரம் சொல்லிக்காட்டிவிட்டுப் போவது நல்லது. சீன மொழியில் ‘உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்’ என்பதில் ஒரு ஸ்வரம் பிசகினால் முத்தம் கேட்டதாகிவிடும். போதகர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய வாக்கியம்.

பிறகு முதல் ஜெபக் கடிதம் போகும். ஸ்தோத்திரம், வீடு கிடைத்தது, பிள்ளைகள் சுகம் என்று ஒரு பக்கம். கடைசியில் பின்குறிப்பு: இந்தப் பக்கம் யாராவது வந்தால், அலமாரி மேலே விட்டுவந்த ஸ்வெட்டரையும் அந்த விளக்கவுரைப் புத்தகங்கள் நாலையும் கொடுத்தனுப்பவும். கூச்சப்பட வேண்டாம். துரோவா பட்டணத்தில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துவரச் சொல்லி பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதினார். மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்றும் சேர்த்து எழுதினார்.